இரண்டு ரூட்டர் தாண்டி ஒரு சூளை

பீங்கான் சூளையைத் தீ உச்சத்தில் எரியும்போது கவனித்தால் மட்டும் போதாது. எரித்து முடித்து ஆறவிடும்போதும் அதே கவனம் வேண்டும். பீங்கான் கலவையில் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸ் பொடியும் சேர்கின்றன. குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரி செல்சியஸில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும். சூடேறும்போது அந்த இடத்தில் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். சூளை அந்த வெப்பநிலையை வேகமாகக் கடந்தால் சரக்கில் விரிசல் விழும். 1,200 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த சரக்குகூட ஆறுகையில் அவசரப்பட்டால் வீணாகிவிடும். அதனால் சூளையின் வெப்ப எண் இரவிலும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

விருத்தாசலம் இந்தக் கவலையை நன்றாக அறிந்த ஊர். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில், விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என்று நான்கு பக்கமும் பாதை பிரியும் ரயில் சந்திப்பு, இவற்றோடு பீங்கான் தொழிலும் ஊருக்கு அடையாளமாகிவிட்டது. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல்விளக்கு, கொலு பொம்மை என்று பலவகைச் சரக்கு இங்கிருந்து வெளியூர் போகிறது. செராமிக் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகச் சொல்லித்தரும் அரசுக் கல்லூரியும் இங்கே உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முன்னால் வீடு, பின்னால் பட்டறை. சூளைக்குள் செருகிய தெர்மோகப்பிளின் அளவை ஒரு ரெக்கார்டர் நிமிடத்துக்கு நிமிடம் பதிந்துவைக்கிறது. அந்த ரெக்கார்டருக்குள்ளேயே ஒரு சின்ன இணையப் பக்கம் இருக்கிறது. பட்டறை வைஃபையில் இருந்தபடி செல்பேசியில் அதன் முகவரியைத் தட்டினால் வெப்ப எண் வந்து நிற்கும். உரிமையாளர் வசூலுக்காகச் சென்னை போன இரவில் அதே முகவரியைத் தட்டினால் எதுவும் வராது. அவ்வளவு ஏன், வீட்டு முன்கூடத்தில் இருக்கும் இன்னொரு வைஃபையிலிருந்து தட்டினாலும் வராது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தக் காரணம் புரிந்துவிட்டால், இதற்கான அமைப்பை யாரும் தாமே செய்துகொள்ளலாம். எதைச் செய்யக் கூடாது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

429 கோடியும் போதவில்லை

இணையத்தில் ஒரு கருவி இன்னொன்றோடு பேச வேண்டுமானால் இரண்டுக்கும் எண்ணாலான முகவரி வேண்டும். இன்றும் நம் வீடுகளில் பரவலாக ஓடும் ஐபி நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வகுக்கப்பட்டது. அதில் ஒரு முகவரியின் நீளம் 32 பிட். அந்த நீளத்தில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே இணைந்திருந்த காலத்தில் 429 கோடி என்பது எடுக்க எடுக்கக் குறையாத இருப்பாகத் தோன்றியது. விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அந்த இருப்பு ஒருநாள் தீர்ந்துபோகும் என்று வல்லுநர்கள் அதற்கு முன்பே கணித்துவிட்டார்கள். உலகத்துக்கெல்லாம் பங்கிட்டுத் தரும் மையத் தொகுப்பு 2011 பிப்ரவரி 3 அன்று காலியானது. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமான ஏபிநிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசிக் கட்டைப் பிரித்து அளந்து கொடுக்கத் தொடங்கியது.

இந்தப் பஞ்சத்தைத் தள்ளிப்போட ஒரு வழி முன்பே பிறந்திருந்தது. கெல்ட் ஈகவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதம் முகவரி மாற்றம் என்ற முறையை எழுதி வெளியிட்டார்கள். சுருக்கமாக அதை நாட் என்கிறார்கள். ஒரு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வெளியுலகுக்குத் தெரியும் முகவரி ஒன்று இருந்தால் போதும். உள்ளே இருக்கும் கருவிகள் தங்களுக்குள் தனி முகவரிகளை வைத்துக்கொள்ளலாம். இப்படித் தனியாகப் புழங்குவதற்கென்றே மூன்று தொகுதிகள் 1996 பிப்ரவரியில் உறுதியாக ஒதுக்கப்பட்டன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. உங்கள் வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அதே முகவரி இருக்கிறது. வெளியே அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு அந்த எண்ணைத் தட்டினால், செல்பேசி தான் அப்போது இருக்கும் வலையமைப்புக்குள்தான் தேடும். விருத்தாசலம் வரை வராது.

ரூட்டரின் பதிவேடு

முகவரி மாற்றம் நடப்பதற்கு ரூட்டர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. தொழிற்சாலை வாசலில் காவலர் வைத்திருக்கும் நோட்டைப் போல இது. உள்ளிருந்து யார், எந்த நேரத்தில், எங்கே போனார் என்று அதில் எழுதியிருந்தால், திரும்பி வருபவரைக் காவலர் உள்ளே விடுவார். எழுதாத புது ஆள் வந்தால் யாரைப் பார்க்க வந்தார் என்று தெரியாததால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

ரூட்டரின் பதிவேட்டில் முகவரியோடு போர்ட் எண்ணும் இருக்கும். இது வயர் செருகும் துளை அல்ல; தரவுப் பொதியின் மேல் எழுதப்படும் 16 பிட் எண். 0 முதல் 65,535 வரை போகும். ஒரே கருவியில் பல சேவைகள் ஓடும்போது, வந்த பொதி எந்தச் சேவைக்கு உரியது என்று காட்டுவது அந்த எண். இணையப் பக்கத்துக்கு 80, பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443, கேமராவின் நேரலைக்கு 554 என்று சில எண்கள் வழக்கில் நிலைத்துவிட்டன.

செல்பேசியில் நீங்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். செல்பேசி தன் தனி முகவரியையும், தற்காலிகமாகத் தேர்ந்த ஒரு போர்ட் எண்ணையும் பொதியில் எழுதி அனுப்புகிறது. ரூட்டர் தனி முகவரியை அழித்துவிட்டுத் தன் வெளி முகவரியை எழுதுகிறது. தேவைப்பட்டால் போர்ட் எண்ணையும் மாற்றுகிறது. என்ன மாற்றினோம் என்பதைப் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து, பொதியைச் சரியான செல்பேசியிடம் சேர்க்கிறது. வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்தினாலும் குழப்பம் வராதது இதனால்தான்.

ரெக்கார்டரின் பிரச்சினை இதற்கு நேரெதிர்த் திசையில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் பொதியை உள்ளேயிருந்து யாரும் கேட்கவில்லை. பதிவேட்டில் அதற்கு வரி இல்லை. உள்ளே இருக்கும் பத்துக் கருவிகளில் யாருக்கு அதைக் கொடுப்பது என்று ரூட்டருக்குத் தெரியாது. ஆகவே கைவிட்டுவிடுகிறது. இந்த இடத்தில் நாமே ஒரு நிரந்தர வரியை எழுதிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இந்தப் போர்ட் எண்ணுக்கு வரும் பொதியை உள்ளே இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு என்பதே அந்த வரி. சில ரூட்டர்களின் பட்டியலில் இதற்கு விர்ச்சுவல் சர்வர் என்று பெயர் இருக்கும்.

கேமரா கம்பெனிகளின் செயலிகள் எந்த அமைப்பும் இல்லாமல் வேலை செய்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் கேமரா தானே வெளியே போய்க் கம்பெனியின் சர்வரோடு தொடர்பை எப்போதும் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் செல்பேசியும் அதே சர்வருக்குப் போகிறது. இரண்டும் அங்கே சந்திக்கின்றன. வசதிதான். ஆனால் உங்கள் பட்டறைக்குள் பார்க்கும் கண் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வரைச் சார்ந்து நிற்கிறது. அந்தச் சேவை நின்றால் பார்வையும் நின்றுவிடும். தன் சூளையின் எண்ணைத் தானே நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறுதொழிலாளர் விரும்புவது நியாயமான விருப்பம். அதற்கான அறிவு அவர் கைக்கு எட்ட வேண்டும்.

இரண்டாவது ரூட்டர் ஏன் வந்தது?

இன்று கண்ணாடி இழை இணைப்பு கொடுக்கும்போது சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். மோடம் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். ஒளியை மின்குறியாக மாற்றுவது அதன் முதல் வேலை. அதனுள் வந்து சேரும் இழையின் முனையில் பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது என்பதை விருத்தாசலத்துக்காரர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். பச்சை அல்லது நீல நிறச் செருகியின் நடுவே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், சிர்கோனியா செராமிக்கால் ஆனது. அதன் விட்டம் 2.5 மில்லிமீட்டர். சுமார் 9 மைக்ரான் அகலமுள்ள ஒளிப்பாதையை எதிர்ப்பக்கத்தின் பாதையோடு அசையாமல் நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். வெயிலிலும் குளிரிலும் அளவு மாறக் கூடாது. பலமுறை செருகி எடுத்தாலும் தேயக் கூடாது. இத்தனைக்கும் ஈடுகொடுப்பதால்தான் செராமிக்கைத் தேர்ந்தார்கள்.

பெரும்பாலான ஓஎன்டி பெட்டிகளுக்குள்ளேயே ஒரு ரூட்டரும் வைஃபையும் இருக்கின்றன. அதன் வைஃபை முன்கூடத்தில் நன்றாக எடுக்கும். செங்கல் சுவரையும் தகரக் கூரையையும் தாண்டிப் பட்டறைக்குள் எடுக்காது. கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி, முதல் பெட்டியிலிருந்து வயரை இழுத்து, புதியதில் வேன் என்று எழுதியிருக்கும் துளையில் செருகிவிடுவார்கள். பட்டறையில் இணையம் வந்துவிடும். எல்லாம் சரியாக நடப்பதால் அதோடு அந்த விஷயத்தை மறந்தும்விடுவார்கள்.

உள்ளே நடந்த மாற்றம் என்னவென்றால், இப்போது முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கிறது. எண்களோடு பார்த்தால் விளங்கும். முதல் ரூட்டரின் வெளி முகவரி 203.0.113.25 என்று கொள்வோம். இது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிய எண். அதன் உள் முகவரி 192.168.1.1. இரண்டாவது ரூட்டர் முதல் ரூட்டரின் பார்வையில் ஒரு சாதாரணக் கருவி, அதற்கு 192.168.1.2 என்ற முகவரி கிடைக்கிறது. பட்டறைப் பக்கம் அதன் உள் முகவரி 192.168.0.1. ரெக்கார்டரின் முகவரி 192.168.0.50.

முதல் ரூட்டருக்கு ரெக்கார்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் கண்ணுக்குப் பட்டறை முழுவதும் 192.168.1.2 என்ற ஒற்றைக் கருவி. முன்கூடத்து வைஃபையிலிருந்து ரெக்கார்டரை எட்ட முடியாததும் இதனால்தான்: முன்கூடம் இரண்டாவது ரூட்டருக்கு வெளியே இருக்கிறது. சென்னை எப்படி வெளியோ அப்படியே முன்கூடமும் வெளி.

ஒரே விதி, இரண்டு இடத்தில்

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதல் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, ரெக்கார்டரின் முகவரியான 192.168.0.50-ஐ நேராக எழுதுவார்கள். அந்த முகவரி முதல் ரூட்டரின் வட்டத்திலேயே இல்லை. சில ரூட்டர்கள் அதை ஏற்கவே மறுக்கும், சில ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கும். இன்னும் சிலர் இரண்டாவது ரூட்டரில் மட்டும் விதியை எழுதிவிட்டு, பொதி அதுவரை வந்துசேரவே இல்லை என்பதைக் கவனிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு ரூட்டரும் தனக்கு அடுத்துள்ள முகவரியை மட்டுமே அறியும். ஆகவே ஒவ்வொன்றிலும் அதன் அடுத்த படியை எழுத வேண்டும். வெளியே பயன்படுத்த 18443 என்ற போர்ட் எண்ணைத் தேர்ந்தோம் என்றால்:

முதல் ரூட்டரில்: 18443-க்கு வருவதை 192.168.1.2 முகவரியின் 18443-க்கு அனுப்பு.

இரண்டாவது ரூட்டரில்: 18443-க்கு வருவதை 192.168.0.50 முகவரியின் 443-க்கு அனுப்பு.

சென்னையிலிருந்து 203.0.113.25 முகவரியின் 18443-க்கு வரும் பொதி முதல் விதியால் இரண்டாவது ரூட்டருக்கும், இரண்டாவது விதியால் ரெக்கார்டருக்கும் போய்ச் சேரும். பதில் திரும்பும்போது இரு ரூட்டர்களும் தங்கள் பதிவேட்டைப் பார்த்து முகவரிகளைப் பழையபடி மாற்றிவிடும். திரும்பும் வழிக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

விதி நிலைத்திருக்க அது சுட்டும் முகவரிகள் மாறாமல் இருக்க வேண்டும். ரூட்டர்கள் உள்ளே முகவரிகளைத் தானாகப் பங்கிடுகின்றன. கரண்ட் போய் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒன்றாக எழுந்து முகவரி கேட்கும்போது, நேற்று ரெக்கார்டருக்கு இருந்த எண் இன்று வேறு கருவிக்குப் போய்விடலாம். விதி அப்படியே இருக்கும். அது காட்டும் இடத்தில் ரெக்கார்டர் இருக்காது. இதைத் தவிர்க்க, முதல் ரூட்டரில் இரண்டாவது ரூட்டருக்கும், இரண்டாவது ரூட்டரில் ரெக்கார்டருக்கும் முகவரியை நிலையாக ஒதுக்கிவிட வேண்டும். டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற பகுதியில், கருவியின் பன்னிரண்டு எழுத்து மேக் எண்ணைக் கொடுத்து இதைச் செய்யலாம்.

இரண்டு ரூட்டர்களின் உள் வட்டங்களும் வேறுவேறாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் ரூட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற தொடக்கத்தோடு வருகின்றன. இரண்டும் ஒரே தொடக்கத்தில் அமைந்துவிட்டால், இரண்டாவது ரூட்டருக்குத் தன் இரு பக்கமும் ஒரே முகவரிகள் தெரியும். பொதியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுக்க முடியாது. ஒன்றை 192.168.50 என்பது போல மாற்றிவிட்டால் தீர்ந்தது.

வெளி முகவரியும் அவ்வப்போது மாறக்கூடியது. டைனமிக் டிஎன்எஸ் என்ற சேவை, மாறும் முகவரியை ஒரு நிலையான பெயரோடு சேர்த்து வைக்கிறது. அதை இயக்குவது முதல் ரூட்டராக இருப்பது நல்லது. இரண்டாவது ரூட்டருக்குத் தன் வெளி முகவரியாகத் தெரிவது 192.168.1.2தான், சில ரூட்டர்கள் அந்தப் பயனற்ற எண்ணையே சேவைக்குச் சொல்லிவிடும்.

எல்லாம் செய்த பிறகு சோதிக்கும்போது செல்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள் இருந்தபடியே வெளி முகவரியைத் தட்டினால், உள்ளிருந்து வெளியே போய் அதே வாசலில் திரும்பி நுழையும் பொதியைச் சில ரூட்டர்கள் கையாள்வதில்லை. அமைப்பு சரியாக இருந்தும் தவறு என்று நினைத்து எல்லாவற்றையும் கலைத்துவிட நேரும்.

இரண்டை ஒன்றாக்கும் வழிகள்

இரண்டு இடத்தில் விதி எழுதுவதைத் தவிர்க்கவும் வழிகள் உண்டு. இரண்டாவது ரூட்டரை அக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றினால், அது பதிவேடு வைப்பதை நிறுத்திவிட்டு வைஃபை மட்டும் பரப்பும். வீடும் பட்டறையும் ஒரே வட்டமாகிவிடும். முதல் ரூட்டரில் ஒரு விதி போதும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே எளிய தீர்வு.

முதல் பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றுவது இன்னொரு வழி. அப்போது அது ஒளியை மின்குறியாக மாற்றுவதோடு நின்றுவிடும். வெளி முகவரி நேரடியாக இரண்டாவது ரூட்டருக்கு வரும். இணைப்புக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டாவது ரூட்டரில் பதிய வேண்டியிருக்கும் என்பதால் இணைய நிறுவனத்தின் உதவி தேவைப்படலாம்.

மூன்றாவது வழி, முதல் ரூட்டரில் டிஎம்இசட் என்ற பகுதியில் 192.168.1.2-ஐக் கொடுப்பது. வேறு விதி இல்லாத போர்ட்டுகளுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் இரண்டாவது ரூட்டருக்குப் போகும். அதன் ஃபயர்வால் தேவையற்றதை நிறுத்தும். இந்த இடத்தில் ரூட்டரின் முகவரியைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. கேமராவையோ ரெக்கார்டரையோ டிஎம்இசட்டில் வைத்தால், அதன் எல்லாப் போர்ட்டுகளும் உலகத்தின் முன் திறந்து கிடக்கும்.

பட்டறைக்கு வந்துபோகும் பலருக்கு வைஃபை கடவுச்சொல் தெரிந்திருக்கும் இடத்தில், வீட்டுக் கணினிகளும் பட்டறைக் கருவிகளும் பிரிந்திருப்பது நல்லது. இரண்டு ரூட்டர் அமைப்பு அந்தப் பிரிவை ஒரு பக்கமாக மட்டும் தருகிறது: வீட்டிலிருந்து பட்டறையை எட்ட முடியாது, பட்டறையிலிருந்து வீட்டை எட்ட முடியும். ஆகவே எதைக் காக்க வேண்டுமோ அதை உள்ளே இருக்கும் ரூட்டரின் பின்னால் வைக்க வேண்டும். பலரும் புழங்கும் வைஃபையை வெளி ரூட்டரில் வைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ரூட்டர்

இரண்டு விதிகளும் சரி, முகவரிகளும் நிலையாக இருக்கின்றன, இருந்தும் வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்றால், முதல் ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து அதன் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால், அல்லது 10 என்று தொடங்கினால், இணைய நிறுவனத்தின் கட்டடத்தில் இன்னொரு முகவரி மாற்றம் நடக்கிறது. வெளி முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றில் தெரியும் எண்ணும் இந்த எண்ணும் வேறாக இருந்தாலும் பொருள் அதுவே.

முகவரிப் பஞ்சத்தின் அடுத்த கட்டம் இது. ஒரு வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறார்கள். அதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. அந்த மூன்றாவது பதிவேட்டில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் இரண்டு ரூட்டர்களில் எத்தனை விதி எழுதினாலும் பயன் வராது. நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான வெளி முகவரி கேட்கலாம். அல்லது உள்ளிருந்தே வெளியே ஒரு வாடகைச் சர்வருக்குத் தொடர்பைத் திறந்து வைத்து அதன் வழியே வரலாம். ரூட்டரோடு பல மணி நேரம் போராடுவதற்கு முன், முதல் வேலையாக இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

திறந்ததைத் தேடி வருபவர்கள்

2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். நான்காம் பதிப்பின் முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று, ஒரே ஒரு கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் திறந்த போர்ட்டும் அந்தத் தேடலில் அகப்படும். 443-க்குப் பதிலாக 18443 என்று மாற்றியதால் அது மறைந்துவிடாது. கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவே.

2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் இதன் விளைவை உலகுக்குக் காட்டியது. இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்து, தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளில் சுமார் அறுபதை அவற்றில் முயன்று பார்த்தது. அப்படிச் சிக்கிய கருவிகளைத் திரட்டி, அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் அன்று பல இடங்களில் திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளின் உரிமையாளர்களுக்குத் தம் கருவி அதில் பங்கெடுத்தது தெரிந்தே இருக்காது.

சூளைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தொழிற்கூடக் கன்ட்ரோலர்கள் பல மோட்பஸ் என்ற மொழியில் பேசுகின்றன. மோடிகான் நிறுவனம் 1979-இல் அதை உருவாக்கியது. வலையமைப்பில் அதன் போர்ட் எண் 502. அந்த மொழியில் கடவுச்சொல் என்பதே இல்லை. அந்தப் போர்ட்டை எட்டும் யாரும் எண்ணைப் படிக்கலாம், பல கருவிகளில் மாற்றவும் மாற்றலாம். ஒரே தொழிற்கூடத்துக்குள் வயரால் இணைந்த கருவிகளுக்காக எழுதப்பட்ட மொழி அது. அதை வெளியே திறந்துவிட்டால், சூளை 573 டிகிரியை எந்த வேகத்தில் கடக்க வேண்டும் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் தீர்மானிக்கக்கூடும். 502-ஐ எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்காதீர்கள்.

யூபிஎன்பி என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஒரு கருவி உங்களைக் கேட்காமல் ரூட்டரிடம் சொல்லி போர்ட்டைத் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. இரண்டு ரூட்டர் அமைப்பில் அது உள் ரூட்டரோடு நின்றுவிடும் என்பதால், நன்மையும் பெரும்பாலும் கிடைக்காது.

அப்படியானால் எதைத் திறப்பது? என் உறுதியான பரிந்துரை, ரெக்கார்டரை நேராகத் திறக்காமல் விபிஎன் ஒன்றை மட்டும் திறப்பது. அதற்கான வயர்கார்டு என்ற நிரலை ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதினார். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 பதிப்போடு அது கெர்னலிலேயே சேர்ந்தது. வழக்கமாக அது 51820 என்ற யுடிபி போர்ட்டில் காத்திருக்கும். சரியான மறைகுறிச் சாவி இல்லாமல் வரும் பொதிக்கு அது பதிலே சொல்லாது. தேடி வருபவருக்கு அங்கே ஒன்று இருப்பதாகவே தெரியாது. உங்கள் செல்பேசியில் சாவி இருந்தால், சென்னையில் இருந்துகொண்டே பட்டறை வைஃபைக்குள் இருப்பது போல ரெக்கார்டரையும் கேமராவையும் பார்க்கலாம்.

விதி எழுதும் முறை நாம் மேலே பார்த்ததுதான்: முதல் ரூட்டரில் 51820-ஐ இரண்டாவது ரூட்டருக்கு அனுப்ப வேண்டும், இரண்டாவது ரூட்டரில், வயர்கார்டு ஓடும் சிறு கணினிக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது ரூட்டரே வயர்கார்டை இயக்கும் வகையானால் முதல் ரூட்டரில் எழுதும் ஒரு விதியோடு வேலை முடிந்தது. விதியில் டிசிபி என்பதற்குப் பதில் யுடிபி என்று தேர்ந்திருக்கிறீர்களா என்று மட்டும் மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சம் தீரும் வழி

இத்தனை வேலையும் 32 பிட் முகவரி போதாமல் போனதால் வந்தது. நிலையான தீர்வு ஐபி ஆறாம் பதிப்பு. அதன் முகவரி 128 பிட் நீளம். மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 340-க்குப் பின் 36 சுழியங்கள். ஒவ்வொரு கருவிக்கும் உலகத்தில் வேறெங்கும் இல்லாத முகவரி கிடைக்கும். முகவரியை மாற்ற வேண்டிய தேவை இருக்காது. ஜியோ தன் 4ஜி வலையமைப்பை 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே ஆறாம் பதிப்பைப் பரவலாகக் கொண்டுவந்தது. இன்று ஆறாம் பதிப்பைப் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது.

ஆறாம் பதிப்பிலும் இரண்டு ரூட்டர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இணைய நிறுவனம் வீட்டுக்கு ஒரே ஒரு வட்டத்துக்கான முகவரித் தொகுதியை மட்டும் கொடுத்தால், இரண்டாவது ரூட்டருக்குத் தனிப் பங்கு கிடைக்காது. பல வட்டங்களுக்குப் போதுமான தொகுதியைக் கொடுத்தால், முதல் ரூட்டர் அதிலிருந்து ஒரு பகுதியை இரண்டாவதுக்கு ஒதுக்கும். அப்போதும் இரு ரூட்டர்களின் ஃபயர்வாலிலும் அனுமதி எழுத வேண்டும். முகவரி மாற்றம் போய்விடும். யாரை உள்ளே விடுவது என்ற முடிவு நம்மிடமே இருக்கும். இணைப்பு வாங்கும்போது வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் கேட்கிறோம். அதோடு வெளி முகவரி எங்களுக்கே உரியதா, ஆறாம் பதிப்பு உண்டா, எத்தனை வட்டங்களுக்குத் தருவீர்கள் என்றும் கேட்க வேண்டும். கேட்பவர்கள் பெருகினால்தான் சிற்றூர்களுக்கும் அது வந்துசேரும்.

அதுவரை, ரூட்டரின் பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு முகவரிகளை எழுதிக்கொள்ளுங்கள்: முதல் ரூட்டரின் வெளி முகவரி, அதன் உள் முகவரி, இரண்டாவது ரூட்டருக்கு முதல் ரூட்டர் கொடுத்த முகவரி, கடைசிக் கருவியின் முகவரி. முதல் எண்ணைப் பார்த்தாலே வேலை நடக்குமா என்று தெரிந்துவிடும். அடுத்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் எந்த ரூட்டரில் எதை எழுத வேண்டும் என்று விளங்கும். தாளின் கீழே, திறந்த போர்ட் எது, யாருக்காக, என்றைக்குத் திறந்தீர்கள் என்று குறித்து ரூட்டருக்கு அருகிலேயே ஒட்டிவையுங்கள். தேவை முடிந்த அன்றே அந்த விதியை நீக்கிவிடுங்கள். கேமரா மாட்ட வருபவர் எதைத் திறந்துவிட்டுப் போனார் என்று தெரியாமல் இருக்கும் பட்டறைகளுக்கும், தெரிந்து திறந்து தெரிந்து மூடும் பட்டறைகளுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு தாள்தான்.